மேஜிக் ஜான்சனா, ஸ்டெஃபன் கரியா? பாயின்ட் கார்டு சண்டை ஏன் முடிவதே இல்லை?

2023 ஆகஸ்ட். முன்னாள் வீரர் கில்பர்ட் அரீனாஸின் பாட்காஸ்ட் நிகழ்ச்சியில் ஸ்டெஃபன் கரியிடம் அந்தக் கேள்வி வந்தது: கூடைப்பந்து வரலாற்றிலேயே சிறந்த பாயின்ட் கார்டு நீங்கள்தானா? கரி பொதுவாக அடக்கி வாசிக்கும் ஆள். அன்று அடக்கவில்லை, ஆமாம் என்றார். தனக்குப் போட்டி மேஜிக் ஜான்சன் ஒருவர்தான் என்பது போலவும் பேசினார். மேஜிக் சும்மா இருப்பாரா? தொலைக்காட்சிக்கு வந்து தன் கணக்கை எடுத்து வைத்தார். 5 சாம்பியன் பட்டம், லீகின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது 3 முறை, இறுதிச்சுற்றின் எம்விபி விருது 3 முறை. இதே வரிசையில் கரியின் கணக்கு 4, 2, 1.

எண்களை மட்டும் பார்த்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நம்மூர் டீக்கடையில் ‘ராஜாவா, ரஹ்மானா’ எப்படி ஓடுகிறதோ, அப்படித்தான் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ரசிகர்களிடம் இந்தச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம், இந்த இருவரும் ஒரே பதவிப் பெயரில் வேறு வேறு வேலை பார்த்தவர்கள். யார் பெரியவர் என்று கேட்பதற்கு முன்னால், அந்த வேலை என்ன, அதை எப்படி அளந்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படி என்ன வேலை அது?

கூடைப்பந்துக் களத்தில் ஓர் அணிக்கு 5 பேர். உயரமானவர்கள் வளையத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். பந்தைத் தட்டிக்கொண்டே எதிரணிப் பக்கம் கொண்டுபோய், யார் எங்கே ஓட வேண்டும், யார் கைக்குப் பந்து போக வேண்டும் என்று முடிவெடுப்பவர்தான் பாயின்ட் கார்டு. பெரும்பாலும் அணியிலேயே குள்ளமானவர். என்பிஏ விதிப்படி ஒரு தாக்குதலுக்கு 24 நொடிதான் அவகாசம்; அதிலும் முதல் 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். மிச்சமிருக்கும் நொடிகளில் நான்கு பேரையும் சரியான இடத்தில் நிறுத்தி, வேலையை முடிக்க வைக்க வேண்டும். ஐ.டி. கம்பெனி பாஷையில் சொன்னால் டீம் லீட். கோடு எழுதுவது மற்றவர்கள், டெலிவரிக்குப் பதில் சொல்ல வேண்டியது இவர்.

இவர் கொடுத்த பாஸை வாங்கி சக வீரர் உடனே கூடை போட்டால் இவர் கணக்கில் ஓர் ‘அசிஸ்ட்’ ஏறும். முதல் சிக்கலே இங்கேதான். பாஸ் வாங்கியவர் பந்தை இரண்டு தட்டுத் தட்டி, எதிராளிக்கு ஒரு போக்குக் காட்டிவிட்டுக் கூடை போட்டால் அது அசிஸ்டா, இல்லையா? களத்தின் ஓரமாக மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர்தான் தீர்ப்புச் சொல்கிறார். 1950-களில் பாஸ்டன் செல்டிக்ஸின் பாப் கூசி தொடர்ந்து 8 சீசன்கள் அசிஸ்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தார். அந்தக் காலத்து ஸ்கோரர்கள் இப்போதைவிட ரொம்பவே கறார். எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பதை லீக் எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான். பந்தைக் கோட்டைவிடுவதை எண்ணத் தொடங்கியது 1977-78-ல். ஆக, பழைய ஆட்டக்காரர்களின் சாமர்த்தியமும் முழுசாகப் பதிவாகவில்லை, சொதப்பலும் முழுசாகப் பதிவாகவில்லை. இந்த ஓட்டை அளவுகோலை வைத்துக்கொண்டுதான் 70 ஆண்டுகால வீரர்களை வரிசைப்படுத்துகிறார்கள்.

6 அடி 9 அங்குலத்தில் ஒரு டீம் லீட்

குள்ளமானவர் பார்க்கும் வேலை என்றிருந்த இடத்துக்கு, 1979-ல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் புதுவரவாக வந்தார் 6 அடி 9 அங்குல எர்வின் ஜான்சன். ‘மேஜிக்’ என்பது பள்ளிக்காலத்திலேயே ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அந்த உயரத்துக்குத் தன்னைக் காவல் காப்பவரின் தலைக்கு மேலே மொத்தக் களமும் தெரியும். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, அவரே பிடிப்பார். பிடித்த கையோடு எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கிவிடுவார். மற்ற அணிகளில் உயரமான வீரர் ரீபவுண்ட் பிடித்து, பாயின்ட் கார்டைத் தேடி, அவரிடம் பந்தைக் கொடுத்த பிறகுதான் ஆட்டம் நகரும். லேக்கர்ஸுக்கு அந்த ஒரு பாஸ் மிச்சம். எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து கூடைக்குப் பக்கத்தில் இருக்கும். ‘ஷோடைம்’ என்று பெயரெடுத்த அந்த மின்னல் ஆட்டத்தின் ரகசியத்தில் பாதி இதுதான்.

மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள 1980 இறுதிச்சுற்றின் 6-வது ஆட்டத்தைப் பார்க்கலாம். பிலடெல்பியாவுக்கு எதிராக லேக்கர்ஸ் 3-2 என முன்னிலை. ஆனால் அணியின் தூணான கரீம் அப்துல்-ஜப்பாருக்குக் கணுக்கால் சுளுக்கு. அவர் விமானமே ஏறவில்லை. விமானத்தில் அவர் வழக்கமாக உட்காரும் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார் மேஜிக். வயது 20, முதல் சீசன். ஆட்டத்தின் தொடக்கத்தில் நடுவட்டத்தில் பந்துக்காகக் குதிக்கும் சென்டர் வேலையும் அன்று அவருக்கே. 42 புள்ளிகள், 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். 123-107 என்று ஜெயித்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவின் பல ஊர்களில் அந்த ஆட்டம் நேரலையாகக்கூட வரவில்லை. ராத்திரி வெகுநேரம் கழித்துப் பதிவாகத்தான் ஒளிபரப்பானது. என்பிஏவுக்கு அன்றிருந்த மவுசு அவ்வளவுதான்.

மேஜிக்கைக் குறைத்துப் பேசுபவர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: அவருக்கு அப்துல்-ஜப்பார் இருந்தார், ஜேம்ஸ் வொர்த்தி இருந்தார், பயிற்சியாளராக பேட் ரைலி இருந்தார், அப்புறம் ஏன் ஜெயிக்கமாட்டார்? நியாயமான கேள்விதான். பதில் 1989-90 சீசனில் இருக்கிறது. அப்துல்-ஜப்பார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். லேக்கர்ஸ் சரியும் என்று பார்த்தால் 82 ஆட்டங்களில் 63-ஐ ஜெயித்தது. எம்விபி விருது மேஜிக்குக்கு.

1991 நவம்பர் 7-ம் தேதி, தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக அறிவித்து ஓய்வு பெற்றார். வயது 32. எச்.ஐ.வி. என்றாலே மரண தண்டனை என்று உலகம் நினைத்த காலம் அது. மூன்றே மாதத்தில், ரசிகர்கள் வாக்களித்ததால் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஆடி அதன் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். அந்தக் கோடையில் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம். அடுத்த சீசனில் திரும்பி வரத் தயாரானபோது, அவரோடு மோதி ஆடத் தயங்குவதாகச் சில வீரர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். மேஜிக் பின்வாங்கினார். 1996-ல் வந்து 32 ஆட்டங்கள் ஆடியதோடு சரி. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 11.2 அசிஸ்ட் என்ற அவரது சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. ஆனால் மொத்த அசிஸ்ட் கணக்கில் 10,141-லேயே நின்றுபோனார். தடைபட்ட அந்த ஆண்டுகளை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பந்தைத் தொடாமலே பார்க்கும் வேலை

மேஜிக்கின் முதல் சீசனில் இன்னொன்றும் என்பிஏவுக்குள் வந்தது: மூன்று புள்ளிக் கோடு. கோட்டுக்கு வெளியே இருந்து கூடை போட்டால் 2-க்குப் பதில் 3 புள்ளி. அப்போது அதை ஒரு விளம்பர வித்தை மாதிரிதான் பார்த்தார்கள். 1979-80-ல் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 3 முறைகூட அங்கிருந்து முயற்சி செய்யவில்லை. 2024-25-ல் அந்தச் சராசரி 37-ஐத் தாண்டிவிட்டது.

ஏன் இவ்வளவு மாற்றம்? சின்னக் கணக்குதான். வெளியே இருந்து 10 முறை எறிந்து 4 விழுந்தால் 12 புள்ளி. உள்ளே இருந்து அதே 12 புள்ளி எடுக்க 10-ல் 6 விழ வேண்டும். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓடிக்கொண்டே, திரும்பிக்கொண்டே, கோட்டிலிருந்து இன்னும் இரண்டு மூன்று எட்டு பின்னால் நின்றுகொண்டே 10-ல் 4 போட முடியும் என்று நிரூபித்தவர் 6 அடி 2 அங்குல கரி. 2015-16 சீசனில் அவர் போட்ட மூன்று புள்ளிக் கூடைகள் 402. அதற்கு முந்தைய சாதனை 286, அதுவும் அவருடையதேதான். அந்த ஆண்டு எம்விபி தேர்வில் வாக்களித்த 131 பேரும் அவர் பெயரையே முதலாவதாக எழுதினார்கள். என்பிஏ வரலாற்றில் அப்படி ஒருமனதாக யாரும் அதற்கு முன் தேர்வானதில்லை.

சரி, நல்ல ஷூட்டர். பாயின்ட் கார்டு எப்படி? எதிர்ப்பாளர்கள் பிடிக்கும் பிடி இதுதான். கரியின் அசிஸ்ட் சராசரி 6-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸில் பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை நகர்த்துவது பல நேரம் டிரேமண்ட் கிரீன். அப்புறம் கரியை எப்படி மேஜிக்கோடு ஒப்பிடுவது?

ஒரு காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தால் புரியும். கரி நடுக்கோட்டைத் தாண்டியதுமே இரண்டு பேர் அவர்மேல் பாய்கிறார்கள். விட்டால் அங்கிருந்தே எறிந்துவிடுவார் என்ற பயம். கரி பந்தை கிரீனிடம் தட்டிவிடுகிறார். இப்போது எதிரணியின் இரண்டு பேர் வெளியே மாட்டிக்கொண்டார்கள். உள்ளே 4 பேருக்கு எதிராக 3 பேர்தான். கிரீன் இரண்டு எட்டு வைத்து, காலியாக நிற்கும் சக வீரருக்குப் பந்தைக் கொடுக்கிறார். கூடை. புள்ளி போட்டவர் கணக்கில் 2, கிரீன் கணக்கில் ஓர் அசிஸ்ட். ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிப் பட்டியலில் இந்தக் கூடைக்கும் கரிக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. சில நேரம் அவர் பந்தைத் தொடவே வேண்டியதில்லை, மூலையை நோக்கி ஓடினாலே போதும், இரண்டு பேர் கூடவே ஓடுவார்கள். அமெரிக்க விமர்சகர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கிராவிட்டி’, ஈர்ப்பு விசை. நான்கு பேரைச் சரியான இடத்தில் நிறுத்தி வேலையை முடிக்க வைப்பதுதான் பாயின்ட் கார்டின் வேலை என்றால், கரியும் அதைத்தான் செய்கிறார். மேஜிக் பாஸால் செய்ததை இவர் பயத்தால் செய்கிறார்.

கரிமேல் உண்மையிலேயே இருந்த கரும்புள்ளி வேறு. 2016-ல் 82-ல் 73 ஆட்டங்களை ஜெயித்த அணி, இறுதிச்சுற்றில் 3-1 என்று முன்னிலை பெற்றும் கிளீவ்லேண்டிடம் தோற்றது. 2017, 2018 பட்டங்களில் இறுதிச்சுற்று எம்விபி கெவின் டூரண்ட். 2015-ல் ஆண்ட்ரே இக்வோடாலா. ‘பெரிய மேடையில் ஆள் காணாமல் போய்விடுகிறார்’ என்ற பேச்சு 2022 வரை இருந்தது. அந்த ஆண்டு பாஸ்டனில், தோற்றால் 1-3 என்ற நிலையில் நடந்த 4-வது ஆட்டத்தில் 43 புள்ளி எடுத்தார். தொடரையும் இறுதிச்சுற்று எம்விபியையும் கைப்பற்றினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 36 வயதில் செர்பியாவுக்கு எதிரான அரையிறுதியில் 36 புள்ளி. இறுதியில் பிரான்ஸ் விரட்டிக்கொண்டு வந்தபோது கடைசி 3 நிமிடத்துக்குள் மட்டும் 4 மூன்று புள்ளிக் கூடைகள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை.

ஆஸ்கர் போட்ட வழக்கு

பெரும்பாலான பட்டியல்களில் 3-வது இடத்தில் வந்து நிற்கும் பெயர் ஆஸ்கர் ராபர்ட்சன். இன்றைய ரசிகர்களுக்கு அவர் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம், கூடவே ஒரு புள்ளிவிவரம். 1961-62 சீசனில் சின்சினாட்டி ராயல்ஸுக்காக ஆட்டத்துக்குச் சராசரியாக 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் எடுத்தார். மூன்று வகையிலும் இரட்டை இலக்கம் எடுப்பதற்கு ‘டிரிபிள் டபுள்’ என்று பெயர். ஓர் ஆட்டத்தில் எடுத்தாலே கைதட்டுவார்கள். இவர் சீசன் முழுக்கச் சராசரியாகவே அதை வைத்திருந்தார். இரண்டாவதாக ஒருவர் அதைச் செய்ய 2017 ஆகிவிட்டது. அவர் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்.

இந்த எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் பார்க்க வேண்டும். அன்றைய ஆட்டம் அதிவேகம். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 100 ஷாட்டுக்கு மேல் எடுத்தது, பாதிக்கு மேல் தவறவும் செய்தது. தவறும் பந்து அதிகமென்றால் ரீபவுண்டும் அதிகம்தானே. அதே சீசனில் வில்ட் சேம்பர்லைனின் சராசரி 50.4 புள்ளி என்றால் காலம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அசிஸ்டில் தள்ளுபடி எதிர்த்திசையில் போகும். கறாரான ஸ்கோரர்களிடம் 11.4 வாங்குவது சும்மா இல்லை.

ஆஸ்கரின் கதை அந்த எண்களோடு முடிந்திருந்தால் இவ்வளவு நேரம் நிற்க வேண்டியதில்லை. அவர் வளர்ந்தது இண்டியானாபொலிஸில், அரசுக் குடியிருப்பு ஒன்றில். கறுப்பின மாணவர்களுக்கென்றே தனியாக நடத்தப்பட்ட கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளிக்காக 1955-ல் மாநிலப் பட்டத்தை வென்றார். அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஒரு பள்ளி எல்லோருக்கும் பொதுவான மாநிலப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. ஜெயித்த அணி நகர மையத்தில் கொண்டாடுவது வழக்கம். இவர்களை மட்டும் மையத்தைச் சுற்றி வரவைத்து, கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் இருந்த பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானத்தை அவர் மறக்கவே இல்லை.

1965-ல் வீரர்கள் சங்கத்தின் தலைவரானார். அமெரிக்காவின் பெரிய விளையாட்டு ஒன்றில் தொழிற்சங்கத் தலைவரான முதல் கறுப்பினத்தவர். அன்றைய விதிப்படி ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்தாலும் அவர்மேல் அணிக்கு இருக்கும் உரிமை முடியாது. வேறு அணிக்குப் போக முடியாது, சம்பளம் போதவில்லை என்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். 1967-ல் ஏபிஏ என்ற போட்டி லீக் வந்த பிறகுதான் வீரர்களுக்குப் பேரம் பேச ஓர் இடம் கிடைத்தது. உடனே முதலாளிகள் இரண்டு லீகையும் இணைத்துவிடப் பார்த்தார்கள். இணைந்தால் பேரத்துக்கு வழி இல்லை. 1970-ல் இணைப்பைத் தடுக்க வீரர்கள் சார்பில் வழக்குப் போட்டார்கள். வழக்கின் பெயரே ராபர்ட்சன் எதிர் என்பிஏ. அந்த ஆண்டுதான் அவர் மில்வாக்கி பக்ஸுக்கு மாற்றப்பட்டார். 1971-ல் அங்கே தன் ஒரே சாம்பியன் பட்டத்தை வென்றார். 1974-ல் ஓய்வு. வழக்கு சமரசத்துக்கு வந்தது 1976-ல். ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணிக்குப் போகலாம் என்ற ‘ஃப்ரீ ஏஜென்சி’க்குக் கதவு அங்கே திறந்தது. திறந்தவர் அதற்குள் நுழைந்து ஒரு டாலர் சம்பாதிக்கவில்லை.

இதற்கும் ரேங்கிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 2004-ல் ஸ்டீவ் நாஷ் டல்லஸை விட்டு பீனிக்ஸுக்குப் போனது இந்த வழியாகத்தான். போய் இரண்டு எம்விபி வாங்கினார். 2016-ல் டூரண்ட் வாரியர்ஸுக்கு வந்ததும் இதே வழியாக. கரியின் 4 பட்டங்களில் 2 அப்படிக் கிடைத்தவை. 2017-ல் கரி 5 ஆண்டுகளுக்குப் போட்ட ஒப்பந்தம் 20.1 கோடி டாலர். என்பிஏவில் 20 கோடியைத் தாண்டிய முதல் ஒப்பந்தம் அதுதான். ‘ஆஸ்கருக்கு ஒரே ஒரு பட்டம்தானே’ என்று உதட்டைப் பிதுக்குபவர்கள், 10 சீசன்கள் அவர் ஒரு பலவீனமான அணியை விட்டு வெளியேற முடியாமல் ஆடியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பட்டமா, புள்ளிவிவரமா?

முதல் மூன்று பேருக்குக் கீழே வந்தால்தான் சண்டை இன்னும் காரசாரமாகிறது. ஒருபக்கம் டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் ஐசையா தாமஸ், 1989, 1990-ல் இரண்டு பட்டங்கள். மறுபக்கம் யூட்டா ஜாஸின் ஜான் ஸ்டாக்டன், பட்டமே இல்லை, ஆனால் 15,806 அசிஸ்ட்.

அந்த 15,806 எவ்வளவு பெரியது என்றால், ஒருவர் ஆட்டத்துக்கு 10 அசிஸ்ட் வீதம், சீசனுக்கு 82 ஆட்டம் ஒன்றுகூட விடாமல், 19 சீசன்கள் ஆடினாலும் 15,580-தான் வரும். ஸ்டாக்டன் ஆடியதும் அதே 19 சீசன்கள். தவறவிட்டது வெறும் 22 ஆட்டங்கள். பந்தைப் பறித்ததிலும் 3,265 என்று முதலிடம் அவருக்கே. இந்த இரண்டு சாதனைகளும் சீக்கிரத்தில் உடையப் போவதில்லை. ஆனால் 1997, 1998 இரண்டு ஆண்டும் இறுதிச்சுற்றில் மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ குறுக்கே நின்றது. பட்டம் இல்லாததற்கு இதைவிட நல்ல காரணம் யாருக்கும் இருக்க முடியாது.

ஐசையாவுக்கு ஒரே ஓர் ஆட்டத்தைச் சொன்னால் போதும். 1988 இறுதிச்சுற்று, 6-வது ஆட்டம், எதிரில் மேஜிக்கின் லேக்கர்ஸ். மூன்றாவது கால் பகுதியில் கணுக்கால் மோசமாகப் பிசகியது. நொண்டிக்கொண்டே ஆடி அந்த 12 நிமிடத்தில் மட்டும் 25 புள்ளி எடுத்தார். ஆட்டத்தில் மொத்தம் 43. டெட்ராய்ட் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது, அடுத்த ஆட்டத்தில் தொடரும் போனது. மறு ஆண்டு அதே லேக்கர்ஸை 4-0 என்று துடைத்தெடுத்தார்கள். லாரி பேர்டின் பாஸ்டன், மேஜிக்கின் லேக்கர்ஸ், ஜோர்டானின் சிகாகோ, மூன்றையும் வீழ்த்திய அணியின் தலைவர் 6 அடி 1 அங்குலக்காரர். இருந்தும் 1992 ஒலிம்பிக் ‘ட்ரீம் டீம்’ பட்டியலில் அவர் பெயர் இல்லை; ஸ்டாக்டன் பெயர் இருந்தது. அந்த அணிக்குப் பயிற்சியாளர் யார் என்றால், ஐசையாவின் டெட்ராய்ட் பயிற்சியாளரான சக் டேலியேதான். ஆட்டத்திறமை காரணமாக அவர் விடுபட்டார் என்று அன்றும் யாரும் நம்பவில்லை, இன்றும் நம்புவதில்லை.

கிறிஸ் பாலுக்கும் பட்டம் இல்லை. 2021-ல் பீனிக்ஸ் இறுதிச்சுற்றில் 2-0 என்று முன்னிலையில் இருந்து 2-4 என்று தோற்றது. 2018-ல் ஹூஸ்டன் 3-2 என்று முன்னிலையில் இருந்தபோது தொடைத் தசை காயம், அடுத்த இரண்டு ஆட்டமும் வெளியே. துரதிர்ஷ்டம் அவரை நன்றாகவே துரத்தியிருக்கிறது. ஆனால் அவர் போன இடத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஹூஸ்டன் அவரோடு முதல் சீசனிலேயே 65 வெற்றி, அந்த அணியின் வரலாற்றுச் சாதனை. பீனிக்ஸ் அவர் வருவதற்கு முந்தைய சீசனில் 34 வெற்றி, 39 தோல்வி. வந்த சீசனில் 51 வெற்றி, 21 தோல்வி. ஜேசன் கிட் நியூ ஜெர்சிக்குப் போனபோதும் இதே கதைதான், 26 வெற்றியிலிருந்து 52. நாஷ் பீனிக்ஸுக்குப் போனபோது 29-லிருந்து 62. கோப்பைக் கணக்கைவிட இந்த வித்தியாசம்தான் பாயின்ட் கார்டைப் பற்றி அதிகம் சொல்கிறது.

நாஷ் விஷயத்தில் விதிமாற்றமும் கைகொடுத்தது. பந்தோடு ஓடுபவரைக் கையால் தடுத்துப் பிடிப்பதை 2004-05 சீசனில் லீக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. சிறிய உருவம், வேகமான கால் கொண்டவர்களுக்கு ராஜபாட்டை. நாஷின் முதல் எம்விபி வந்ததும் அதே சீசனில். ஐசையாவும் ஸ்டாக்டனும் இந்த விதியில் ஆடியிருந்தால் என்ன எண்கள் வந்திருக்கும் என்ற கேள்விக்கு ரசிகர்கள் விதவிதமாகக் கணக்குப் போடுகிறார்கள்.

அப்போ, வரிசை என்ன?

மழுப்பாமல் சொல்வதென்றால் மேஜிக்தான் முதலிடம், நூலிழையில். காரணம் பட்டங்களின் எண்ணிக்கை இல்லை. 12 சீசன்களில் 9 முறை அணியை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனதும், அப்துல்-ஜப்பார் இருந்தபோதும் இல்லாதபோதும் லேக்கர்ஸ் உச்சத்தில் இருந்ததும்தான். கரி இரண்டாவது. ஆட்டத்தையே மாற்றியது யார் என்று கேள்வியைத் திருப்பிப் போட்டால் கரிதான் முதல். இன்று பள்ளி மைதானத்தில் பந்தை எடுக்கும் பையன் கோட்டுக்கு வெளியே போய் நிற்பதற்கு அவரே காரணம். மூன்றாவது ஆஸ்கர்.

நான்காவதாக ஐசையா, ஐந்தாவதாகப் பால், ஆறாவதாக ஸ்டாக்டன். இந்த மூவரின் வரிசையை எப்படி மாற்றிப் போட்டாலும் பெரிய தப்பில்லை. ஸ்டாக்டனை ஒரு படி கீழே வைப்பதற்குக் காரணம், 18 சீசன்கள் கார்ல் மலோன் என்ற ஒரே கூட்டாளியோடு ஒரே அணியில் ஆடினார். பால் ஒவ்வொரு ஊரிலும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. அதற்கும் கீழே நாஷ், கிட், கூசி, நியூயார்க்குக்கு இரண்டு பட்டங்கள் வாங்கித் தந்த வால்ட் ஃப்ரேசியர், வெஸ்ட்புரூக். வெஸ்ட்புரூக்கின் டிரிபிள் டபுள் எண்ணிக்கை 200-ஐத் தாண்டிவிட்டது, ஆஸ்கரின் 181 பின்னால் போய்விட்டது. ஆனாலும் பட்டியல் போடுபவர்கள் யாரும் அவரை ஆஸ்கருக்கு மேலே வைப்பதில்லை. எண்களைவிட ஆட்டம் பெரிது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அபூர்வமான இடம் அது.

இனி யார்?

2025-ல் ஒக்லஹோமா சிட்டியின் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் அதிகப் புள்ளி எடுத்தவர், எம்விபி, சாம்பியன், இறுதிச்சுற்று எம்விபி என நான்கையும் ஒரே சீசனில் வாங்கினார். பந்து அவர் கையில்தான் இருக்கிறது. அவரைப் பாயின்ட் கார்டு என்று எழுதுகிறவர்களும் உண்டு, ஷூட்டிங் கார்டு என்று எழுதுகிறவர்களும் உண்டு. லூகா டான்சிச் 6 அடி 8 அங்குலம். 2019-20-ல் லீகிலேயே அதிக அசிஸ்ட் சராசரி வைத்திருந்தவர் லெப்ரான் ஜேம்ஸ். அவரைப் பெரும்பாலானோர் எந்தப் பாயின்ட் கார்டு பட்டியலிலும் சேர்ப்பதில்லை. லீக்கே இந்தக் குழப்பத்தை ஒப்புக்கொண்டுவிட்டது. சீசன் முடிவில் அறிவிக்கப்படும் ‘ஆல் என்பிஏ’ அணிகளில் முன்பு இரண்டு கார்டு, இரண்டு ஃபார்வர்டு, ஒரு சென்டர் என்று ஒதுக்கீடு இருந்தது. 2023-24-லிருந்து அது இல்லை; எந்த இடத்தில் ஆடினாலும் சிறந்த 5 பேர், அவ்வளவே.

2024-25 சீசனில் ஆஸ்கர், வெஸ்ட்புரூக் வரிசையில் மூன்றாவதாக ஒருவர் சீசன் முழுக்க டிரிபிள் டபுள் சராசரி எடுத்தார். ஆட்டத்துக்கு 10.2 அசிஸ்ட். டென்வர் அணியின் தாக்குதல் முழுக்க அவர் கை வழியாகத்தான் போகிறது. பெயர் நிகோலா ஜோகிச், உயரம் 6 அடி 11 அங்குலம், ஆடும் இடம் சென்டர்.